ரேகை சொன்னதும் சொல்லாததும்

கோயில் மண்டபத்து நிழலிலே, துணி விரித்து அமர்ந்திருக்கிறான் கைரேகைக்காரன். எதிரே, கல் சுமந்து காய்த்துப்போன கையை நீட்டிக்கொண்டு ஓர் ஏழைக் கூலிக்காரர். "ஆயுள் ரேகை தீர்க்கமாக ஓடுகிறது, தனரேகை மட்டும் சற்று மங்கல், வருகிற ஆடி கழிந்தால் தெளிந்துவிடும்" என்கிறான் அவன். காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார் கூலிக்காரர். ஆடி வருகிறது, ஆடி போகிறது. தெளிந்தது ரேகைக்காரனின் தனரேகை மட்டுமே!

அதே கூலிக்காரர், அதே கையோடு, நியாயவிலைக் கடை வாயிலிலே நிற்கிறார். கருவியின் கண்ணாடி மீது விரலை வைக்கச் சொல்கிறார்கள், வைக்கிறார். பொருந்தவில்லை என்கிறது கருவி. விரலைத் துடைத்து வைக்கிறார், பொருந்தவில்லை. வேறு விரலை வைக்கிறார், பொருந்தவில்லை. பக்கத்து வீட்டார் அறிவர், கடைக்காரர் அறிவார், வரிசையில் நிற்போர் அத்தனை பேரும் அறிவர், இவர் இன்னார் என்று. அறியாதது கருவி ஒன்றுதான். ஆயினும் அங்கே தீர்ப்புக் கூறும் இடத்தில் அமர்ந்திருப்பது அதுதான்!

மண்டபத்துச் சோதிடனுக்கும் கடைவாயிற் கருவிக்கும் இடையே நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு கிடக்கிறது. பகுத்தறிவு பேசும் நாம் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது கடமை. ஏனெனில், ரேகை ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். "முன்பு பதிந்த விரலும் இப்போது பதிந்த விரலும் ஒன்றே" என்று சொல்லும். அவ்வளவே! அந்த விரலுக்குரியவன் நல்லவனா, கெட்டவனா, எக்குலத்தவன், எத்தனை நாள் வாழ்வான், எதற்குத் தகுதியுடையவன் என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. சொல்லாததைச் சொன்னதாகப் படித்தவர்கள் இரு சாரார். விதியைப் படித்தான் சோதிடன். குற்றத்தைப் படித்தது ஆதிக்கம்.

1858-ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு மூண்ட சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் முழுதும் அடங்காத நேரம். வங்காளத்தில், ஜங்கிப்பூர் என்னும் ஊரில் அதிகாரியாக இருந்தார் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வானநூல் அறிஞரின் பேரன் இவர். சாலைக்கு வேண்டிய பொருள் தருவதாக ராஜ்யாதர் கோனாய் என்பவர் ஓர் ஒப்பந்தம் எழுதினார். அதை வாங்கிய ஹெர்ஷல், கையொப்பத்தோடு விடவில்லை. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையை அவரது உள்ளங்கையிலே தடவி, தாளின் பின்புறம் கை முழுவதையும் அழுத்திப் பதிய வைத்தார்.

ஏன் இந்த வித்தை? அறிவியல் ஆராய்ச்சியா? அல்ல! ஒப்பமிட்டவர் பின்னாளில் 'இது என் ஒப்பம் அன்று' என மறுக்கும் எண்ணமே எழாதபடி அச்சுறுத்துவதே தம் நோக்கம் என்று, 1916-இல் வெளிவந்த தம் நூலில் ஹெர்ஷலே எழுதி வைத்திருக்கிறார். ஆட்சி செய்ய வந்தவனுக்கு ஆளப்படுவோனிடம் நம்பிக்கை இல்லை. அந்த அவநம்பிக்கையின் முதற்பிள்ளைதான் இந்த ரேகைப் பதிவு.

எனினும் ஹெர்ஷலிடம் ஆராயும் மனம் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆண்டு பல கடந்தும் ஒருவரது ரேகை மாறுவதில்லை என்பதைத் தம் விரலிலும் பிறர் விரலிலும் மீண்டும் மீண்டும் பதிந்து பார்த்து உணர்ந்தார். 1877-இல் ஹூக்ளியில் பதவி வகித்தபோது, ஓய்வூதியம் பெறுவோரிடமும், பத்திரம் பதிவு செய்வோரிடமும், சிறைப்பட்டோரிடமும் விரற்பதிவு வாங்கினார். இறந்தவர் பெயரால் வேறொருவர் ஓய்வூதியம் வாங்கும் மோசடியைத் தடுக்க அது பயன்பட்டது.

நம் நாட்டு வழக்கிலே 'தற்குறி' என்றொரு சொல் உண்டு. எழுதத் தெரியாதவன், பெயருக்குப் பதில் இடும் கீறல்தான் தற்குறி. நாளடைவில் கீறலின் பெயர் மனிதனின் பெயராயிற்று. 'கைநாட்டு' என்பதும் அவ்வாறே வசைமொழியாயிற்று. எழுத்தை எட்டவொட்டாமல் பன்னூறு ஆண்டு அவனைத் தடுத்து வைத்தவர்கள் யார்? படிப்பு உனக்கு உரியதன்று என்று விலக்கி வைத்தவர்களே, பிறகு அவன் கட்டைவிரலைப் பற்றி, வட்டிக்கடைப் பத்திரத்திலே அழுத்தினார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பது நூறா, ஆயிரமா? விரலுக்குத் தெரியாது! விரல் இன்னாருடையது என்று ரேகை மெய்ப்பிக்கும். தாளில் உள்ள கணக்கு நேர்மையானது என்று அது மெய்ப்பிக்குமா? ஒருபோதும் இல்லை.

ஜப்பானின் டோக்கியோ நகரில் மருத்துவராகப் பணிபுரிந்த ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் விரற்பதிவைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியலாம் என்று 1880-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் எழுதினார். அடுத்த திங்களே ஹெர்ஷல் தம் அனுபவத்தை அதே இதழில் வெளியிட்டார். யார் முந்தியவர் என்று இருவருக்கும் எழுந்த வாதம் நெடுங்காலம் நீண்டது. அதனினும் பெரிய செய்தி, அடுத்து வருகிறது.

பிரான்சிஸ் கால்ட்டன் என்றொரு அறிஞர். டார்வினின் உறவினர். உயர்ந்த பிறவி, தாழ்ந்த பிறவி என்று மனிதரைத் தரம் பிரித்து, 'உயர்ந்தோர்' பெருகவும் 'தாழ்ந்தோர்' குறையவும் வழி காண வேண்டுமென்று பேசியவர்; அக்கொள்கைக்கு 1883-இல் 'யூஜெனிக்ஸ்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. நம் நாட்டு வருணாசிரமத்துக்கு மேல்நாட்டு ஆய்வுக்கூட அங்கி அணிவித்தது போன்ற கொள்கை அது! அவர் கையிலே ரேகைக் கலை சிக்கியது. விரல் நுனியில் இனத்தின் முத்திரை இருக்கும், அறிவின் அளவு இருக்கும் என்று ஆவலோடு தேடினார். ஆங்கிலேயர், வெல்ஷ் மக்கள், யூதர், கறுப்பினத்தார் ஆகியோரின் பதிவுகளைத் திரட்டினார். கலை பயிலும் மாணவர், அறிவியல் பயிலும் மாணவர், வயலில் உழைக்கும் தொழிலாளர், மனவளர்ச்சி குன்றியோர் ஆகியோரின் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தார்.

கண்டது என்ன? ஏமாற்றம்! இன்ன இனத்தின் ரேகை என்று பிரித்துக் காட்டத்தக்க தனி அடையாளம் எதுவும் இல்லை. அறிஞனின் விரலுக்கும் அறிவு குன்றியவனின் விரலுக்கும் வேறுபாடு காட்டும் கோடு எதுவும் இல்லை. 1892-இல் வெளியிட்ட 'விரற்பதிவுகள்' என்னும் நூலில், தம் எதிர்பார்ப்பு பொய்த்ததை அவரே ஒப்புக்கொண்டார். மெய்யானது ஒன்றே: ஒருவர் விரல் மற்றொருவர் விரலைப் போல் இராது. இரு விரல்கள் முழுதும் ஒத்திருக்கும் வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என்பது அவர் போட்ட கணக்கு.

தோழர்களே, இதைவிடச் சிறந்த சான்று நமக்கு வேறென்ன வேண்டும்? கருவில் மூன்றாம் திங்கள் தொடங்கி உருவாகி, பிறக்குமுன்பே நிலைத்து, சாகும் வரை மாறாத அந்தக் கோடுகளிலே இயற்கை 'இன்னார்' என்று எழுதியது. 'இன்ன சாதி' என்று எழுதவில்லை! ஒரே கருவின் இரட்டையருக்குக்கூட ரேகை வேறு. பிறப்பிலே உயர்வு தாழ்வு உண்டென்று நிறுவ வந்தவரின் கையாலேயே, அந்தக் கொள்கையை மறுக்கும் சாட்சியம் பதிவாயிற்று. என்னே வரலாற்றின் விளையாட்டு!

அதே 1892-இல், அர்ஜென்டினா நாட்டில், குழந்தைகள் இருவர் கொலையுண்ட வழக்கில், ஒரு நிரபராதியை விரற்பதிவு காப்பாற்றியது. பக்கத்து வீட்டுக்காரன் மீது பழி சுமத்தினாள் தாய். கதவிலே படிந்திருந்த குருதிக்கறை விரற்பதிவு தாயினுடையது என்று தெரிந்தது. அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அறிவியல் நம் பகை அன்று என்பதற்காகவே இதைக் கூறுகிறோம். சாட்சியாக நிற்கும்வரை ரேகை நல்ல சாட்சி.

ஆனால் இலட்சக்கணக்கான பதிவுகள் குவிந்தால், வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள். அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியக் காவல்துறை ஊழியர்கள் அவர்கள். பத்து விரலையும் ஐந்து இணையாக்கும் கணக்கு உருவாயிற்று. முதல் இணையின் விரலில் சுழல் வடிவம் இருந்தால் 16, அடுத்த இணைகளில் முறையே 8, 4, 2, 1. சுழல் இல்லையேல் மதிப்பு இல்லை. ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பு மேல் எண்ணிலும் மற்றதன் மதிப்பு கீழ் எண்ணிலும் சேரும். இரண்டோடும் ஒன்றைக் கூட்டினால், மேலும் கீழும் 1 முதல் 32 வரை. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினால் 1,024 அறைகள். எந்த மனிதரின் பதிவும் எந்த அறையில் இருக்கும் என்று கணக்கே வழிகாட்டும். கணிப்பொறி பிறவாத காலத்துக் கணிப்பொறி!

1897-இல் அரசு இம்முறையை ஏற்றது. கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தோன்றியது. பெயர் என்ன சூட்டினார்கள் தெரியுமா? 'ஹென்றி முறை'! மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயர். கணக்கைக் கண்ட ஹக்குக்கும் போசுக்கும், பல்லாண்டு கழித்துப் பட்டமும் பரிசுப் பணமும் தந்தார்கள். ஆராய்ந்து கண்ட விரல்களின் அடையாளத்தையே மறைத்தது, அடையாளம் காணும் முறை!

கல்கத்தா முறை ஏறிய முதல் வழக்குகளில் ஒன்றை நாம் மறக்கலாகாது. ஜல்பைகுரிப் பகுதித் தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஒருவர் 1897-இல் கொலையுண்டார். அவரது பெட்டியில் கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் மேலட்டையில் குருதிக்கறைப் பதிவு இருந்தது. முன்பு அவரிடம் பணியாற்றித் திருட்டுக்காகத் தண்டனை பெற்ற ஒருவனின் கட்டைவிரலோடு அது ஒத்தது. பஞ்சாங்கம் உண்மை சொன்னது அந்த ஒருமுறைதான் போலும். அதுவும் அதில் அச்சிட்டிருந்ததால் அல்ல, அதன் மீது விரல் பட்டதால்! 1898-இல் தீர்ப்பு வந்தது. திருடிய குற்றத்துக்குத் தண்டனை; கொலைக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. விரல் அங்கே பட்டது என்று ரேகை சொன்னது. கொன்றவன் இவனே என்று அது சொல்லவில்லை. சொன்னதற்கும் சொல்லாததற்கும் இடையே கோடு கிழித்தது அந்த மன்றம். அந்தக் கோட்டை அழித்தார்கள் ஆட்சியாளர்கள்.

முதலில் தென்னாப்பிரிக்கா. 1900-இல் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களின் காவல்துறையை அமைக்க அங்கே சென்றவர் அதே ஹென்றி. 1906-இல் டிரான்ஸ்வால் ஆட்சி ஒரு சட்டம் தீட்டியது. அங்குள்ள ஆசியர்கள் ஒவ்வொருவரும் விரல் ரேகை பதித்துச் சான்றிதழ் பெறவேண்டும். காவலர் கேட்டபோதெல்லாம் காட்டவேண்டும். குற்றம் என்ன செய்தார்கள்? ஆசியராகப் பிறந்த குற்றம்! அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடி, பணிவதில்லை என்று உறுதி பூண்டனர் இந்தியர். இலண்டன் அச்சட்டத்தை நிறுத்தி வைத்தது. தன்னாட்சி பெற்றதும் 1907-இல் டிரான்ஸ்வால் அதையே மீண்டும் நிறைவேற்றியது. 1908 ஆகஸ்டு 16-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் நெருப்பிலே வெந்தன. சிறை சென்றோரில் தமிழர் ஏராளம். சாமி நாகப்பன் என்னும் பதினெட்டு வயது இளைஞர், சிறை முகாமின் குளிரிலே நோயுற்று, 1909 சூலை 6-இல் உயிர் நீத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரல் பதிப்பதே இழிவு என்று காந்தியார் கூறவில்லை. 1908 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மனமுவந்து பதிய அவரே இசைந்தார். குற்றவாளிக் கூட்டம் என்று முன்கூட்டியே முடிவு கட்டி, கட்டாயமாகப் பறிப்பதே இழிவு என்பது வாதம். விரலுக்கு மானம் இல்லை, விரலுக்குரியவனுக்கு உண்டு!

அடுத்து, நம் மண். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வடபுலத்தில் பிறந்தது. 1911-இல் திருத்தி, சென்னை மாகாணம் வரை நீட்டினார்கள். பட்டியலில் பெயர் ஏறிய கூட்டத்தாரின் ரேகையை எடுக்க அது அதிகாரம் தந்தது. தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன், ஆகவே கள்வன் மகன் கள்வன். இதுதான் அச்சட்டம் கொண்டுவந்தோர் கூறிய நியாயம்! எங்கே கற்றான் வெள்ளையன் இந்தப் பாடத்தை? மனு எழுதியதை மன்னன் பெயரால் மறுபதிப்புச் செய்தான்! ரேகையிலே குலம் இல்லை என்று கால்ட்டன் ஒப்புக்கொண்டு பத்தொன்பது ஆண்டு கழித்து, குலத்துக்காகவே ரேகை எடுக்கச் சட்டம் செய்தார்கள். அறிவியலின் கருவியை எடுத்துக்கொண்டார்கள்; அறிவியலின் முடிவை எறிந்துவிட்டார்கள்.

மக்கள் அச்சட்டத்துக்கு இட்ட பெயரே 'கைரேகைச் சட்டம்'. மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர் மக்கள் மீது அது பாய்ந்தது. கதிர் முற்றிய வயலைக் காக்கவும், உறவினர் சாவுக்குப் போகவும் அதிகாரியின் அனுமதிச் சீட்டு! பெருங்காமநல்லூர் மக்கள் 'ரேகை தரமாட்டோம்' என்றனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவல்துறை சுட்டது. ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். கட்டைவிரலைக் கொடுக்க மறுத்தவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. 1952-இல் இந்தியா முழுதும் ஒழிந்தது. காகிதத்தில் ஒழிந்த முத்திரை, மனத்தில் ஒழிந்ததா என்பது வேறு கேள்வி.

இனி, இன்றைய கருவிக்கு வருவோம். மை இல்லை, தாள் இல்லை. விரலைக் கண்ணாடியில் வைத்ததும் ஒளியோ மின்னோட்டமோ ரேகையின் மேடு பள்ளங்களைப் படிக்கிறது. எந்தெந்த இடத்தில் கோடு முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்று குறித்து, அந்தப் புள்ளிகளை எண்களாக்குகிறது. முன்பே சேமித்த எண்களோடு ஒப்பிடுகிறது. கருவிழிப் படலத்தின் வரிகளையும், முகத்தின் அமைப்பையும் படிக்கும் கருவிகளும் இதே முறையில் எண்களையே ஒப்பிடுகின்றன.

ஒப்பிட்டு முடித்ததும் கருவி கண்டறிவது 'இவர்தான்' என்னும் உண்மையை அல்ல. 'இத்தனை அளவு ஒத்திருக்கிறது' என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் தேர்ச்சி, கீழே தோல்வி என்று வரம்பு வகுத்தவன் மனிதன். வரம்பைத் தாழ்த்தினால் அயலான் உள்ளே நுழைவான்; உயர்த்தினால் உரியவனே வெளியே நிற்பான். ஒரு பிழையைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டும் இல்லாத கருவியை இதுவரை எவரும் செய்யவில்லை. வல்லுநரின் கண்ணும் தவறும். 2004-இல் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் நடந்த தொடர்வண்டிக் குண்டுவெடிப்பில் கிடைத்த பதிவு, ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை அடித்துக் கூறியது. இரண்டு வாரம் காவலில் இருந்தார் அவர். பதிவு வேறொருவருடையது என்று ஸ்பெயின் காவல்துறை கண்டபின், துறை மன்னிப்புக் கேட்டது.

வெளியே நிறுத்தப்படும் 'உரியவன்' யார்? அங்கேதான் நம் நெஞ்சு பதைக்கிறது! எழுதுகோல் பிடித்த விரலின் ரேகை தேயாது. கல் உடைத்த விரல், செங்கல் சுமந்த விரல், கயிறு திரித்த விரல், சாயத்தில் ஊறிய விரல், சுண்ணாம்பில் வெந்த விரல், இவற்றின் ரேகைதான் தேயும். முதுமையில் தோல் சுருங்கி, பதிவு மங்கும். உழைத்துத் தேய்ந்தவர்களிடம், உழைப்பு தேய்த்துவிட்ட அடையாளத்தைக் கேட்கிறது கருவி. கருவிக்குச் சாதிவெறி இல்லை, உண்மைதான். ஆனால் எந்த விரல் தேயும் என்பதைத் தீர்மானித்தது யார்? நம் சமுதாயமன்றோ!

2010 செப்டம்பர் 29-ஆம் நாள், மராட்டிய மாநிலத்தின் தெம்ப்ளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பத்து விரல், இரு கருவிழி, ஒரு முகம், பன்னிரண்டு இலக்கம். ஆறு ஆண்டுக்குள் நூறு கோடி பேரைத் தாண்டியது அத்திட்டம். எந்தச் சான்றும் இல்லாத ஏழைக்கு ஒரு சான்று கிடைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பொய்ப்பெயரில் உண்டவர்கள் சிலர் பிடிபட்டிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. 2017 ஆகஸ்டு 24-இல், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். 2018 செப்டம்பர் 26-இல் ஐவர் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பால், அரசின் உதவித் திட்டங்களுக்கு ஆதாரை ஏற்றது. தனியார் நிறுவனங்கள் அதை வற்புறுத்த இடம் தந்த பகுதியைத் தள்ளியது. கருவி பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்கு உதவி மறுக்கப்படாது என்று அரசின் சார்பில் அம்மன்றத்தில் உறுதி கூறப்பட்டது. 2022-இல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டமோ, பெருங்காமநல்லூர் நிகழ்ந்த அதே 1920-இல் பிறந்த கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் கீழ் எடுக்கும் அளவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம்.

எனவே நாம் கோருவது மூன்று. கருவி 'இல்லை' என்றால், மெய்ப்பிக்கும் பொறுப்பு கருவியை வைத்தவனுடையது. பசித்து வந்தவனுடையது அன்று. விரல் பொருந்தாத போது, வேறு சான்றைக் கொண்டு அதே நாளில், அதே இடத்தில், அரிசி அளக்கப்பட வேண்டும். அது கருணை அன்று, உரிமை. ஒரு காரியத்துக்கென்று கொடுத்த ரேகை மற்றொன்றுக்குப் போகலாகாது. பூட்டுத் திருடுபோனால் வேறு பூட்டு வாங்கலாம், விரல் திருடுபோனால் வேறு விரல் வாங்க முடியாது!

கருவியை உடை என்று கூறுபவர்கள் அல்ல நாம். கருவியைக் கடவுளாக்காதே என்கிறோம். கல்லை நட்டு, அது பேசும் என்று நம்பியவரிடம் நாம் கேட்ட கேள்வியை, கண்ணாடியை நட்டு, அது தவறாது என்று நம்புவோரிடமும் கேட்கவேண்டும்: எப்படித் தெரியும்? யார் சோதித்தது? தவறினால் யார் பொறுப்பு?

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கடையிலே, தேய்ந்த விரலோடு ஒரு முதியவர் திரும்பி நடந்தால், அவரைத் தனியே விடாதீர். உடன் நில்லுங்கள், மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். "இவரை நாங்கள் அறிவோம்" என்று உரக்கக் கூறுங்கள். ரேகை தேயலாம், ஊரார் சாட்சியம் தேயலாகாது.